பிந்தி விழும் அடி

என் கணவர் எதற்கும் நேரத்துக்கு வந்தவரில்லை. எங்கள் கல்யாணத்துக்கே பிந்தித்தான் வந்தார். மாத்தளைக் கோயிலில் ஃபாதர் உடுப்பு மாற்றிக்கொண்டு பீடத்தின் முன்னால் நிற்கிறார், பாடகர் குழு தெரிந்த பாட்டையெல்லாம் பாடி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிட்டது, நான் முக்காட்டுக்குள் புழுங்கிக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளை வேர்க்க விறுவிறுக்க வந்து என் பக்கத்தில் நின்று காதுக்குள், "சிம்பல் ஸ்டாண்டு ஒன்னு ஒடைஞ்சிருச்சி, அத ஒட்டிட்டு வர்றேன்" என்றார். அன்று மாலை விருந்தில் தன் கல்யாணத்துக்குத் தானே டிரம்ஸ் வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மனுசன் அவர். வாசிக்கவும் செய்தார். நான் கேக்கின் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

பகலில் மெயின் வீதியில் ஒரு மின்சாரச் சாமான் கடையில் வேலை. சனி ஞாயிறு என்றால் கல்யாண வீடுகளில் வாசிப்பு. குழுவை நடத்தியவர் பாட்டுக்காரர். கீபோர்டும் அவர்தான், வேனும் அவருடையதுதான். நாங்கள் இருவருமே அவரை அண்ணன் என்று கூப்பிடுவோம். எனக்கு வேலை வீட்டு முன்னறையில்: ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக்கொடுத்தேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். டிரம்ஸ் செட்டையும் சேர்த்தால் மூன்று. அது பிடித்துக்கொண்ட இடத்தைப் பார்த்தால் அதுதான் வீட்டுக்காரி, நான் வந்து போகிறவள்.

வாசிப்பிலும் அவர் பிந்தித்தான் அடிப்பார். தாளம் தெரியாமல் இல்லை, அது அவருடைய சுபாவம். ஒன்று, இரண்டு என்று எண்ணினால் இரண்டாவதில் ஸ்நேர் டிரம்மின் அடி விழ வேண்டும். எல்லோருக்கும் விழும் இடத்துக்கு மயிரிழை தள்ளி அவருக்கு விழும். இப்போது விழவில்லையே என்று நினைக்கிற நேரத்தில் விழும். அண்ணனுக்கு ஆரம்பத்தில் அது பெரிய தலைவலி. "மச்சான், பஸ்ஸப் புடிக்க வேணாம், பாட்டையாவது புடி" என்று மேடையிலேயே கத்துவார். ஆனால் ஆடுகிறவர்களுக்கு அது பிடித்திருந்தது. அந்தச் சின்ன இடைவெளியில்தான் இடுப்பு ஆட இடம் கிடைக்கிறது என்று நினைக்கிறேன். பைலா என்கிற ஆட்டப்பாட்டு தொடங்கினால் பந்தியில் உட்கார்ந்திருக்கிற கிழவர்கள்கூட சோற்றுக் கையோடு எழும்புவார்கள்.

பிறகு போர் மறுபடி மூண்டது. சமாதானம் என்ற பேச்சு வந்து கொஞ்ச காலம் மூச்சு விட்டோம். அது போன பிறகு வீதிகளில் சோதனைச் சாவடிகள் முன்பைவிட நெருக்கமாக முளைத்தன. வேறு ஆட்களுக்கு ஒரு பையைத் திறந்து காட்டினால் போதும். எங்கள் ஆளுக்கு அப்படியில்லை. டிரம் என்பது உள்ளே வெறுமையான சாமான். வெறுமையாக இருக்கிற எதையும் அந்தக் காலத்தில் யாரும் நம்பவில்லை. ஒவ்வொரு டிரம்மிலும் தோலைக் கழற்றி உள்ளே காட்ட வேண்டும். திருகாணிகளைக் கழற்றுகிற சாவியை இவர் கழுத்தில் சிலுவையோடு சேர்த்துப் போட்டுக்கொண்டார். கழற்றி, காட்டி, திரும்ப முறுக்கி, சுருதி பார்ப்பதற்குள் அடுத்த சாவடி வந்துவிடும். பஸ்ஸில் பிந்தினார், வேனில் பிந்தினார், இப்போது இதிலும் பிந்தினார். ஆனால் இந்த முறை அவர்மேல் பிழை சொல்ல முடியாது.

நேரத்துக்கு வராத மனுசனுக்கு வாழ்க்கைப்பட்டவள் அந்த வருடங்களில் எப்படி இருந்திருப்பாள் என்று மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அவருடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் என்று வடக்கில் ஓர் ஊர் இருந்தது. அவருடைய அப்பா அரசாங்க உத்தியோகத்தில் அங்கே இருந்தபோது பிறந்தவர். தவழத் தொடங்குவதற்கு முன்பே மாத்தளைக்கு வந்துவிட்டார். ஆனால் அட்டைக்கு அதெல்லாம் தெரியாதே. வடக்கு என்று கண்டாலே சந்தேகத்தில் பிடித்து வைக்கிற காலம் அது. மற்றப் பெண்களின் கணவன்மார் பிந்தி வந்தால், எங்கே குடித்துவிட்டு நிற்கிறானோ என்று திட்டுவார்கள். அந்தக் கொடுப்பினை எனக்கு இல்லை. குசினியில் அடுப்பின் முன்னால் நின்றபடி வீதி முடக்கில் திரும்பும் ஒவ்வொரு வேனின் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருப்பேன். இது இல்லை. இதுவும் இல்லை. கைவேலை எதுவும் ஓடாது.

தம்புள்ளையில் ஒரு மரக்கறி முதலாளி வீட்டுக் கல்யாணம். அங்கே வாசித்துவிட்டு வரும் வழியில் ஒரு சாவடியில் பேஸ் டிரம்மைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே ஒரு தலையணை. வாசிக்கிற ஆட்களுக்கு இது சாதாரண விஷயம். பேஸ் டிரம் வெண்கலப் பானை மாதிரி கிண்ணென்று அதிராமல் 'தும்' என்று அடங்கி விழ வேண்டும் என்றால் உள்ளே துணியோ தலையணையோ வைப்பார்கள். அது என் கல்யாணத் தலையணை. ஓரத்தில் நானே ரோஜாப்பூ போட்டது. டிரம்முக்குள் தலையணை எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். "சத்தம் வராம இருக்க" என்று இந்த மகாராசா சிங்களத்தில் பதில் சொல்லியிருக்கிறார். சத்தம் போடுகிற சாமானைக் கொண்டுபோகிறவன் சத்தம் வராமல் இருக்கத் தலையணை வைத்திருக்கிறான் என்றால் யார்தான் நம்புவார்கள்? தலையணையை வெட்டிப் பார்த்தார்கள். அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு இவரை நிறுத்தி வைத்தார்கள். போன்களையெல்லாம் முதலிலேயே வாங்கி வைத்துவிட்டதால் எனக்குச் சொல்ல ஆளில்லை. ஆனால் அண்ணன், போகமாட்டேன் என்று வேனை ஓரம் கட்டிவிட்டு எல்லோரோடும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். அதற்காக அவருக்கு நான் ஆயுளுக்கும் கடமைப்பட்டவள்.

அடுத்த நாள் காலை, ரொட்டி விற்கும் பாண்காரர் வந்து போன பிறகு வேன் முடக்கில் திரும்பியது. இவர் இறங்கினார். தலையெல்லாம் இலவம்பஞ்சு. "ஒன் தலகாணி போச்சி" என்றார், முதல் வார்த்தையாக. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இனிமேல் இந்த வீட்டு டிரம்ஸ் வாசற்படி தாண்டாது என்றேன். நான் சொன்னதில் பிழை இருந்ததாக அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

டிரம்ஸ் இல்லாமல் கல்யாண வாசிப்பு எப்படி? அதற்கு அண்ணன்தான் வழி கொண்டுவந்தார். ஒரு நாள் கொழும்பிலிருந்து சீடிக்கள் கொஞ்சத்தைக் கொண்டுவந்து என் கம்ப்யூட்டர் மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, இதுக்குள்ள பழைய டிரம்ஸ் செட்டுங்க இருக்கு. அறுபதாம் ஆண்டு, எழுபதாம் ஆண்டு சாமான். ஒவ்வொரு அடியா அடிச்சி ரெக்கோட் பண்ணி வச்சிருக்கானுங்க. நீங்கதான் கம்ப்யூட்டர்காரி. இனிமே நீங்கதான் நமக்கு டிரம்மர்."

அவர் விளையாட்டாகச் சொன்னார். குசினி வாசலில் நின்ற என் கணவர் சிரிக்கவில்லை.

அந்த சீடிக்களில் இருந்த மென்பொருள் என் கம்ப்யூட்டருக்குத் தாங்காத பாரம். ஒரு செட் திரையில் ஏறி முடிவதற்குள் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்துவிடலாம். ஆனால் ஏறிய பிறகு என்ன அழகு! எங்கேயோ வெளிநாட்டில் ஒரு பொறுமைசாலி உட்கார்ந்து ஒரே டிரம்மை மெதுவாக, இன்னும் கொஞ்சம் பலமாக, இன்னும் பலமாக என்று அடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். தோல் பழசான சத்தம், மரம் முற்றிய சத்தம், சிம்பலில் கறை பிடித்த சத்தம், எல்லாம் தனித்தனியாக உள்ளே இருந்தன. மெதுவாக அடித்த சத்தம் என்பது பலமாக அடித்ததைக் குறைத்துவைத்தது இல்லை, அது வேறொரு சத்தம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு செட்டுக்கும் படம் வேறு போட்டிருந்தார்கள். ஒரு படத்தில் பேஸ் டிரம்மின் முன்பக்கத் தோலைக் கழற்றி உள்ளே காட்டியிருந்தது.

"இங்க பாரு, இங்க பாரு!" என்று என் கணவர் திரையில் விரலை வைத்தார். "அவனுங்களும் தலகாணி வச்சிருக்கானுங்க!"

பல நாட்களுக்குப் பிறகு அவர் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தேன். அந்தப் படத்தை அப்படியே தம்புள்ளைக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருவார் போல இருந்தது. பிறகு, தான் இப்போது வாசிப்பதில்லை என்பது ஞாபகம் வந்தவராக, துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

வேலையை நான் பழகிக்கொண்டேன். திரையில் கட்டம் கட்டமாக இருக்கும். எந்தக் கட்டத்தில் எந்த டிரம் விழ வேண்டுமோ அங்கே ஒரு புள்ளி. பூத்தையல் போட்டுப் பழகியவளுக்கு அது என்ன பெரிய வித்தையா? ஒரு பைலாவை ஒரு மத்தியானத்தில் தைத்து முடித்துவிடுவேன். கம்ப்யூட்டரை அப்படியே வேனில் ஏற்றிக்கொண்டு யட்டவத்தையில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். நான் மேடை ஓரத்தில் மௌசைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் கணவர் வரவில்லை. தலைவலி என்றார்.

பாட்டு தொடங்கியது. ஒரு பிழை இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. ஆனால் ஆடத்தான் ஆளில்லை. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் எழுந்து வந்து இரண்டு சுற்று ஆடிவிட்டு, ஏதோ மறந்துபோனவர் மாதிரி நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு தங்கச்சி, ஆனா என்னமோ இல்ல" என்றார் அண்ணன், வேனில் வரும்போது.

இல்லாதது எது என்று எனக்குத் தெரியும். அது வீட்டில் தலைவலி என்று படுத்திருந்தது.

உண்மையில் அவர் படுத்திருக்கவில்லை. ஒன்றுமே செய்யாமல் இருந்தார், அதுதான் எனக்குப் பயம். சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டுகிற மனுசன், பல் விளக்கும்போதுகூட வாளியைத் தட்டுகிறவர், தட்டுவதை விட்டுவிட்டார். டிரம்ஸ் செட் முன்னறை மூலையில் தூசி பிடித்தது. நான் வேண்டுமென்றே சிம்பல் ஸ்டாண்டில் ஈரத் துவாயைக் காயப்போட்டேன், சண்டைக்காவது வருவார் என்று. வரவில்லை. ஒரு நாள் அவரே தன் சட்டையை எடுத்து அதில் காயப்போட்டார். ஆளைப் பத்திரமாக வீட்டில் வைத்துக்கொண்டேன், ஆனால் நான் கல்யாணம் கட்டிய ஆள் அவருக்குள்ளே இல்லை. அவர் மறுபடி வாசிப்பாரா, இல்லை இப்படியே மின்சார பல்ப் விற்றுக்கொண்டு வயதாகிவிடுவாரா என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே கவலை. போர்க் கவலையெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும், கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தேன். புள்ளிகளைக் கட்டத்தோடு ஒட்டவைக்கிற வசதியை நிறுத்தினேன். ஸ்நேர் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து வலது பக்கம் துளி தள்ளினேன். போட்டுக் கேட்டேன். ரொம்பத் தள்ளினால் குடிகாரன் அடிக்கிற மாதிரி இருந்தது. குறைத்தால் மறுபடி மெசின். எவ்வளவு தள்ள வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் எனக்குத் தெரியும். அவர் வருவாரா என்று கேட்டுக்கொண்டே இருந்த காதுதானே இது? இப்போது வர வேண்டும், வரவில்லை, ஐயோ என்று மனசு கவிழப்போகிற அந்த இடம், அங்கேதான் ஸ்நேரை வைத்தேன். கொஞ்சம் உச்சமாகவே ஒலிக்கவிட்டேன்.

குசினியில் மாசிக் கருவாடு இடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. கையில் உலக்கையோடு என் கணவர் வாசலில் வந்து நின்றார்.

"யாரு இது வாசிக்கிறது?"

"நீங்கதான்."

கொஞ்ச நேரம் கேட்டார். தலை தானாக ஆடியது. பிறகு முகத்தைச் சுளித்தார். "நான் அவ்வளவு லேட்டாவா அடிக்கிறேன்?"

"கல்யாணத்துக்கு வந்தத வச்சிப் பாத்தா இது சீக்கிரம்."

உலக்கையை என் மேசைமேலேயே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இந்த இடத்தில் பேஸ் டிரம்மின் கிக் ஒன்று விட்டுப்போச்சு, அந்த இடத்தில் சிம்பலை நானாக இருந்தால் தொடமாட்டேன் என்று தொடங்கினார். மௌசை என் கையிலிருந்து பிடுங்கினார். மௌசுக்கும் அவருக்கும் ஆகவில்லை. அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. அண்ணனிடம் பழைய கீபோர்டு ஒன்று சும்மா கிடந்தது. அதை வாங்கிவந்து கேபிளில் கம்ப்யூட்டரோடு கொளுவினேன். ஒரு கட்டையை அழுத்தினால் கிக், அடுத்ததை அழுத்தினால் ஸ்நேர், அதற்கடுத்தது சிம்பல். விரலால் வாசிக்கலாம். எந்தச் சாவடியிலும் தோலைக் கழற்ற வேண்டியதில்லை.

அவர் அழுத்தினார். சத்தம் வரவில்லை. பிறகு வந்தது.

திரும்ப அழுத்தினார். திரும்பவும் அப்படித்தான். என் கம்ப்யூட்டர் கிழடு. அவர் அழுத்துவதை உள்வாங்கி, அந்தப் பழைய டிரம்மைத் தேடி எடுத்து, சத்தமாக்கி வெளியே விடுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கியது. பெரிய நேரம் இல்லை, கண் சிமிட்டுகிற நேரம்கூட இருக்காது. ஆனால் வாசிக்கிறவனுக்கு அது நரகம். இவருடைய பிந்தலும் அதனுடைய பிந்தலும் சேர்ந்து பாட்டு கையைவிட்டு ஓடியது. மூன்று நாலு தரம் பார்த்துவிட்டுக் கீபோர்டைத் தள்ளிவிட்டார்.

"என்ன சாமான் இது? நான் அடிக்கிறேன், அடிச்சிட்டுக் காத்துக்கிட்டு இருக்கேன், அது அதோட பாட்டுக்கு ஆறுதலா மெல்ல வருது. மனுசன் எப்படிடி இப்படி இருக்கிறது?"

"நான் கல்யாணம் கட்டின நாள்ல இருந்து அப்படித்தான் இருக்கேன்" என்றேன்.

நான் அதை யோசித்துச் சொல்லவில்லை. சண்டைக்குத்தான் சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கீபோர்டைத் திரும்பத் தன் பக்கம் இழுத்து, ஸ்நேர் கட்டையை ஒரே ஒரு தரம் அழுத்தினார். காத்திருந்தார். வந்தது. இன்னொரு தரம். வந்தது.

"வருதுதானே" என்றார் மெதுவாக. "லேட்டானாலும்."

"வரும்னு தெரிஞ்சா எவ்வளவு நேரம்னாலும் இருக்கலாங்க. தெரியாமத்தானே இருக்கு."

அவர் கட்டைகளைத் தடவிக்கொண்டிருந்தார். "சரி" என்றார் கடைசியில். "அப்ப நான் முந்திக்கிறேன்."

வாழ்க்கையில் எதற்கும் முந்தாத மனுசன் அதற்குப் பிறகு முந்தப் பழகினார். கம்ப்யூட்டர் பிந்துகிற அளவை விரலுக்குள் வாங்கிக்கொண்டு, அவ்வளவு முன்னாலேயே அழுத்தினார். அப்போது சத்தம் அவருடைய வழக்கமான இடத்தில், அந்த மயிரிழைப் பிந்தலில் வந்து விழுந்தது. பழக வாரக்கணக்கானது. சிம்பல் ஸ்டாண்டில் தொங்கிய என் துவாயைத் தூக்கி எறிந்து, இது என்ன அலுமாரியா என்று கேட்டார். நாங்கள் நன்றாகச் சண்டை போட்டோம். எனக்கு அன்று பெரிய சந்தோஷம்.

இரத்தோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு முதன்முதலாக அப்படிப் போனோம். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள நான் வேண்டும், வாசிக்க அவர் வேண்டும். ஆகவே இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். பின்னால் ஸ்பீக்கர்களில் யாருமே தட்டாத ஒரு டிரம்ஸ் செட் ஹோல் முழுக்க அதிர்ந்தது. முன்னால் ஓர் ஆள் இரண்டு கை விரல்களால் கீபோர்டைக் கொத்திக்கொண்டிருந்தார். எங்கே டிரம்ஸ் என்று சின்னப் பிள்ளைகள் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தன. தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்த சனம் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு ஆடியது. ஒரு தாத்தா சோற்றுக் கையோடு எழும்பிவிட்டார்.

வரும் வழியில் சாவடி. ஆமிக்காரர் ஒருவர் வேனுக்குள் டோர்ச் அடித்து, பெட்ஷீட்டில் சுற்றியிருந்த கம்ப்யூட்டரைக் காட்டி, "மேக்க மொக்கத?" என்று கேட்டார். இது என்ன என்கிறார். கம்ப்யூட்டர் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. என் கணவர் பெருமை தாங்காமல் நெஞ்சை நிமிர்த்தி, "டிரம்ஸ்" என்றார்.

அந்த இடத்திலேயே அவரைக் கொன்றுவிடலாம் என்று இருந்தது. இறக்கச் சொன்னார்கள். பெட்ஷீட்டை அவிழ்க்கச் சொன்னார்கள். பக்கத்து மூடியைக் கழற்றச் சொன்னார்கள். கழுத்தில் தொங்கிய டிரம் சாவி அதற்குப் பொருந்தாது என்று இவர் விளக்கம் வேறு சொன்னார். அண்ணன் ஸ்குரூ டிரைவர் தேடி வேனைக் குடைந்தார். கடைசியில் அந்த ஆமிக்காரர் உள்ளே வயர்களையும் தூசியையும் எட்டிப் பார்த்துவிட்டு, எங்கே டிரம்ஸ் என்று உண்மையான ஆவலோடு கேட்டார். என் கணவர் அந்த இரும்புப் பெட்டியின் மேல் விரலால் ஒரு பைலாவைத் தட்டிக் காட்டினார். ஆமிக்காரர் துவக்கைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு கேட்டார். சப்பாத்து நுனி ஆடத் தொடங்கியது. போங்க என்று கையைக் காட்டினார்.

திரும்ப எல்லாவற்றையும் பூட்டி, சுற்றி, ஏற்றி, நாங்கள் மாத்தளைக்கு வந்து சேர நன்றாகப் பிந்திவிட்டது. வேன் எங்கள் முடக்கில் திரும்பியபோது குசினி ஜன்னல் இருட்டாக இருந்தது. அங்கே நின்று கேட்டுக்கொண்டிருக்க யாரும் இல்லை. நான் வேனுக்குள், அவர் தோளில் சாய்ந்துகொண்டு, அவரோடு சேர்ந்து பிந்தி வந்துகொண்டிருந்தேன்.